புரண்டு படுத்தும் நகராத வலி

எனக்கு அப்போது கர்ப்பத்தின் 22ஆவது வாரம். இரவில் தொப்புளைச் சுற்றி மந்தமாக ஒரு வலி தொடங்கியது. "வயிறு பெரிதாகிறது, தசைநார் இழுக்கும்" என்றார் அத்தை. அந்த வலி எனக்குப் பழக்கமானதுதான். புரளும்போது சுரீரென இழுத்து, சில நொடிகளில் விட்டுவிடும். இது விடவில்லை. விடிவதற்குள் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே குடியேறிவிட்டது. சாப்பாட்டை நினைத்தாலே குமட்டியது.

முதலில் பார்த்த மருத்துவர், சிறுநீரில் கொஞ்சம் சீழ் அணுக்கள் இருப்பதைக் கண்டு, சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீங்கிய குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) சிறுநீர்க்குழாயை உரசினாலும் சிறுநீரில் சீழ் அணுக்கள் தென்படலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாலையில் வலி கூடியதால் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவரை நான் மறக்கவே மாட்டேன். மல்லாந்து படுக்கச் சொல்லி, மிக வலித்த இடத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்காமலே, "மெதுவாக இடப்பக்கம் திரும்புங்கள் அம்மா" என்றார். திரும்பினேன். கருப்பை சரிந்தது, வலி அவர் விரலுக்கு அடியிலேயே நின்றது. "கருப்பையின் வலியாக இருந்தால் அதோடு சேர்ந்து நகர்ந்திருக்கும்" என்றார்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 14,000. கர்ப்பத்தில் இயல்பாகவே 16,000 வரை ஏறுமாம். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். அல்ட்ராசவுண்டில் குடல்வால் கண்ணில் படவில்லை. "தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது" என்று, சாயம் செலுத்தாமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார். வந்திருந்தது குடல்வால் அழற்சிதான்.

அறுவை சிகிச்சை என்றதும் குழந்தையை நினைத்து அழுதேன். "அறுவையைவிட, குடல்வால் வெடிப்பதுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. காத்திருக்கக் கூடாது" என்றார். கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாதபடி, மேசையில் வலப்பக்க இடுப்புக்கு அடியில் ஒரு திண்டு வைத்து என்னை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். நுண்துளை வழியே குடல்வாலை அகற்றினார்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது குழந்தையின் இதயத் துடிப்பு.

*

பிரசவ அறைச் செவிலியராக இருக்கிறேன். சகோதரி எழுதியதைப் படித்ததும் ஒரு தாய் நினைவுக்கு வந்தார். 33ஆவது வாரம். நெஞ்சுக்குழியிலும் வலது விலா எலும்புக்கு அடியிலும் வலி. வாயுத் தொல்லை என்று இரண்டு நாளாக அமிலம் தணிக்கும் மருந்து குடித்திருக்கிறார். ரத்த அழுத்தம் பார்த்தபோது 160/110. தலைவலி உண்டா என்று கேட்டேன். "உண்டு, கண்முன்னே பூச்சி பறக்கிறது" என்றார்.

ரத்தத் தட்டணுக்கள் 62,000தான் இருந்தன. கல்லீரல் நொதிகள் பல மடங்கு ஏறியிருந்தன. ஹெல்ப் (HELLP) நோய்த்தொகுதி: கல்லீரலும் ரத்த அணுக்களும் பாதிக்கப்படும் கர்ப்பகால ஆபத்து. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி, பிறகு பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். 20 வாரத்துக்குப் பிறகு மேல்வயிறு வலிக்கிறது என்று யார் வந்தாலும், எதுவும் கேட்பதற்கு முன்பே ரத்த அழுத்தக் கருவியைத்தான் எடுக்கிறேன். தாய்மார்களே, நீங்களும் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

*

என் மனைவிக்கு 7ஆவது வாரத்தில் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. தலையணை சரியில்லை என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். கழிவறைக்குப் போக எழுந்தவள் அப்படியே மயங்கிச் சாய்ந்தாள். கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தியதால் வந்த தோள்வலி அது. உடனே அறுவை செய்து அவளைக் காப்பாற்றினார்கள். கரு போய்விட்டது. தைலம் தேய்த்த அந்த அரைமணி நேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.