பொருள்: ‘சுவிட்ச்டு லைவ்’ - சனிக்கிழமை வகுப்புக்கு முன் ஒரு சொல் வேண்டும்

லண்டன் ஹாரோவிலிருந்து, செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைகளில் எட்டுப் பேருக்கு வீட்டு ஹீற்றிங் வயரிங் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோரும் ஊரில் வயரிங் செய்து பழகியவர்கள். கைவேலை வடிவாகத் தெரியும். ஆங்கிலக் கையேடுதான் தடை. பிழை தேடும் பகுதியை மட்டும் தமிழில் நான்கு பக்கமாக எழுதத் தொடங்கி, ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

தண்ணீர் வழியை மோட்டாரால் திறந்து மூடும் இரண்டு வாய் வால்வில் ஐந்து வயர். மண்ணிறம் மோட்டாருக்கு, நீலம் நொதுமல், பச்சை மஞ்சள் புவி. சாம்பலில் எப்போதும் 230 வோல்ட் நிற்கும். அறை குளிர்ந்து தெர்மோஸ்ற்றாற் வெப்பம் கேட்டதும் மோட்டார் வால்வைத் திறக்கும். திறந்து முடிகிற இடத்தில் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் மூடும். சாம்பலில் இருந்தது செம்மஞ்சள் வயருக்குப் பாயும். பொயிலரையும் பம்பையும் எழுப்புவது அதுதான். ஆங்கிலக் கையேட்டில் அது ‘சுவிட்ச்டு லைவ்’. அந்தச் செம்மஞ்சளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

போன வாரம் பயிற்சிப் பலகையில் ஒரு தம்பி செம்மஞ்சளில் மீட்டரை வைத்தார். பூச்சியம். “செத்த வயர் அண்ணா” என்று சொல்லிவிட்டு அடுத்த கையால் வயரைப் பிடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்றவர் தெர்மோஸ்ற்றாற்றைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. வால்வு மெல்ல முனகியது. மீட்டரில் 230. கை ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பியூஸைக் கழற்றாதது பெரிய பிழை, அதை அங்கேயே கதைத்தோம். ஆனால் ‘செத்த வயர்’ என்ற பேச்சும் அந்தக் கையை முன்னே தள்ளியது. அதனால்தான் கேட்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து, புதன் காலை

அண்ணா, சைட்டில் யாரும் ‘ஃபேஸ்’, ‘நியூட்ரல்’ தவிர வேறு பேசுவதில்லை. ‘சுவிட்ச் லைன்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. புதுச்சொல்லை ஞாபகப்படுத்திக்கொண்டே டெஸ்டர் பிடிக்க முடியாது.

அப்புறம், ‘நீலம் நொதுமல்’ என்றதைப் பார்த்துத் திக்கென்றது. எங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். உங்கள் வகுப்பில் தமிழ்நாட்டுக்காரர் இருந்தால் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள். நொதுமல் என்பது என்ன சொல்?

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மாலை

தம்பி, அது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது, இப்போதும் படிப்பிப்பது. உயிர்க்கம்பி (லைவ்), நொதுமற்கம்பி (நியூட்ரல்), புவிக்கம்பி (எர்த்). சுவிட்சுக்கு ஆளி. அப்படியானால் கேள்விக்கு விடை கையிலேயே இருக்கிறது: ஆளி வழியாக வரும் உயிர், ‘ஆளியுயிர்’. புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை.

மதுரையிலிருந்து, புதன் இரவு

நொதுமலைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். அயலார் பெண் கேட்டு வருவதை அகத்துறையில் ‘நொதுமலர் வரைவு’ என்போம். நொதுமலர் பகைவரும் அல்லர், உறவினரும் அல்லர். நடுவு நிலைமை அதிகாரத்தின் முதற்குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர் பகை, நொதுமல், நண்பு என மூன்றாகப் பிரிக்கிறார். தமிழ்நாட்டார் ‘நடுநிலை’ என்றும் ஈழத்தார் ‘நொதுமல்’ என்றும் சொல்வது இரண்டும் அந்த ஒரே அதிகாரத்தில் போய்ச் சேர்கின்றன. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

இனி உயிர். செம்மஞ்சள் வயரைச் ‘செத்தது’ என்று அந்தத் தம்பி சொன்னது இலக்கணப்படியும் தவறு. புள்ளி வைத்த க் செத்த எழுத்தா? உயிருக்குக் காத்து நிற்கும் மெய் அது. அகரம் வந்து ஏறியதும் ‘க’ என்று ஒலிக்கிறது. ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று நன்னூலே சொல்லிவிட்டது. வயர் மெய், மின் உயிர். ஆகவே ‘ஏறுயிர்’. ஆளி என்பது ஆள் என்ற வினையடியில் நன்றாகவே அமையும். ஆனால் சங்க இலக்கியத்தில் ஆளி என்றால் யானையை அடிக்கும் விலங்கு.

கோயம்புத்தூரிலிருந்து, வியாழன் காலை

ஐயா, புள்ளி வைத்த எழுத்தை இனி அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் யானையை அடிக்கும் விலங்கெல்லாம் போகட்டும், இங்கே ஆளி என்றால் மளிகைக் கடை ஆளி விதைதான். ‘ஏறுயிர்’ என்று ஒருவன் கேட்டால் ஏதோ பூச்சி ஏறுகிறது என்று கையை உதறுவான். என் ஓட்டு சுவிட்ச் லைனுக்கே.

கனடா ஸ்காபரோவிலிருந்து, வியாழன்

இங்கே ஃபர்னஸ் கட்டுப்பாடு 24 வோல்ட், அதனால் அந்தப் பயம் குறைவு. தெர்மோஸ்ற்றாற் மூடியதும் வெள்ளை வயர் வழியாகச் செய்தி போகும். அதை நாங்கள் ‘வெப்பம் கேட்கிறது’ என்றுதான் சொல்வோம். உயிர், மெய் எல்லாவற்றையும் விட்டு ‘அழைப்புக் கம்பி’ என்று வையுங்கள். யார் யாரை அழைக்கிறார்கள் என்று தேடினாலே பிழை பிடிபடும்.

ஹாரோவிலிருந்து, வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலை அச்செடுக்க வேண்டும். அதற்கு முன் எனக்குள் இருக்கும் குழப்பத்தைச் சொல்கிறேன்.

அடிக்கடி வரும் முறைப்பாடு, எல்லாவற்றையும் நிற்பாட்டினாலும் பொயிலர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது. மண்ணிறத்தில் பூச்சியம், செம்மஞ்சளில் 230 என்றால் வால்வுக்குள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம். ஹீற்றிங்குக்கு ஒரு வால்வு, சுடுதண்ணீருக்கு ஒரு வால்வு. இரண்டின் செம்மஞ்சளும் ஒரே டெர்மினலில் சேருகின்றன. சுடுதண்ணீர் வால்வு திறந்தால், மூடிக்கிடக்கும் ஹீற்றிங் வால்வின் செம்மஞ்சளிலும் 230 காட்டும். மெயினை நிற்பாட்டி, அந்த இரண்டையும் பிரித்துவிட்டுப் பார்த்தால்தான் எந்த வால்வு என்று தெரியும். கைப்பிடியும் ஒரு சாட்சி: மூடிய வால்வில் இறுக்கமாகத் தள்ள வேண்டியிருக்கும், மோட்டார் திறந்த வால்வில் தொளதொளவென்று ஆடும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘ஆளியுயிர்’ என்றால் தன் ஆளி தந்த உயிர் என்றுதானே படிப்பவர் எடுப்பார்? பக்கத்து வால்விலிருந்து வந்து ஏறி நிற்கும் 230ஐ அது சொல்லவில்லை. மதுரை ஐயாவின் ‘ஏறுயிர்’ சொல்கிறது. முதலில் அதை ஒதுக்கத்தான் நினைத்தேன். டெர்மினலைப் படம் போட்டபோது மனம் மாறியது.

ஆனால் மூன்று மாணவர்களிடம் போனில் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் படித்த இருவரும் ‘ஆளியுயிர்’ கேட்டவுடன் “செம்மஞ்சளா அண்ணா?” என்றார்கள். திருச்சித் தம்பிக்கு இரண்டுமே விளங்கவில்லை. ‘சுவிட்ச் லைவ்’ விளங்கியது. வகுப்பில் ஆறு பேர் ஈழத்தவர். அதனால் நாளைக்கு ‘ஆளியுயிர்’ போகிறது, முதல் முறை வரும் இடத்தில் ‘இங்கே சுவிட்ச் லைவ் என்று சொல்லும் வயர்’ என்ற வரியோடு. ஓட்டு எண்ணினால் பெரும்பான்மை என்று சொல்ல முடியாது.

நீலத்துக்குத் தனிப் பெட்டி போட்டிருக்கிறேன். தெர்மோஸ்ற்றாற்றுக்குப் போகும் கேபிளில் திரும்பி வரும் உயிரை நீலத்திலேயே கொண்டுவருவார்கள். முனையில் மண்ணிற உறை போட வேண்டும், பல வீடுகளில் போடுவதில்லை. நீலத்தைக் கண்டால் நொதுமல் என்று நம்ப வேண்டாம், மீட்டரை வையுங்கள் என்று எழுதினேன்.

மதுரையிலிருந்து, சனி அதிகாலை

ஏறுயிரை நான் விடவில்லை. அடுத்த பதிப்புக்குள் திருச்சித் தம்பிக்கு நானே போனில் விளக்குகிறேன், எண்ணைத் தனியஞ்சலில் அனுப்புங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, சனி காலை

அச்சுக்குப் போயிருக்காது என்றால் ஒன்று: சாம்பல் வயருக்கு என்ன எழுதினீர்கள்? எப்போதும் நிற்பது என்பதால் ‘நிலையுயிர்’ சரியா?

கோயம்புத்தூரிலிருந்து, சனி காலை

‘நேர் லைன்’.