சுருங்கிய பட்டாணி இரண்டாம் தலைமுறையில் எப்படித் திரும்பி வருகிறது?

கேள்வி:
மெண்டல் சோதனையில் உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை, சரி. அப்புறம் சுருக்கம் எங்கிருந்து வருகிறது? ஓங்குபண்பு, அதாவது முதல் தலைமுறையில் வெளியே தெரியும் உருண்டை, மற்றதை அழித்துவிடாதா?

பதில் 1:
அழிக்காது, மறைக்கும், அவ்வளவுதான். முதல் தலைமுறை விதை ஒவ்வொன்றிலும் உருண்டைக்கான பெரிய ஆர் (R) ஒன்று, சுருக்கத்துக்கான சின்ன ஆர் (r) ஒன்று என இரண்டு அல்லீல்கள், அதாவது ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள். மகரந்தத்துக்கும் சூலுக்கும் ஒவ்வொன்றுதான் போகும் என்பதால், தன்மகரந்தச் சேர்க்கையில் சராசரியாக நாலில் ஒரு விதைக்கு இரண்டுமே சின்ன ஆராக அமைந்துவிடுகிறது. மெண்டல் எண்ணியது 5474 உருண்டை, 1850 சுருக்கம்.

பதில் 2:
சுருக்கத்தின் காரணம் இன்னும் சுவாரசியம். ஸ்டார்ச்சைக் கிளைவிடச் செய்யும் நொதிக்கான மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து கெடுத்துவிட்டது, அதுதான் சின்ன ஆர். ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை தேங்க, அது தண்ணீரை இழுத்து விதையை உப்ப வைக்கிறது, காய்ந்ததும் தோல் சுருங்குகிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டையாகிவிடும். இதில் சண்டையெல்லாம் கிடையாது.

கேட்டவர்:
அப்படியானால் உருண்டை எல்லாம் தூய வகையா?

பதில் 1:
இல்லை, இரண்டாம் தலைமுறை உருண்டைகளில் மூன்றில் இரண்டு பங்கு கலப்புதான். சுருங்கிய வகையோடு கலந்து பாருங்கள், ஒரு விதை சுருங்கினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.