நொதிக்கும் வாயுவால் கெக்கைக் கழுவியும் பியர் கறுத்துப்போனது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தைக் கடலோரம்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் பியர் காய்ச்ச நான் பழகியது மெல்பேர்ணில். இப்போது கொழும்பில், அனுமதிப்பத்திரம் பெற்ற ஓரிடத்தில் சோதனைத் தொகுதிகளைக் காய்ச்சும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. அளவு சிறியதுதான்: ஒரு தடவைக்கு 20 லீற்றர். 27 லீற்றர் கொள்ளும் அமுக்க நொதிகலன் ஒன்றில் நொதிக்கவைத்து, 9.5 லீற்றர் கெக் (பியரை அமுக்கத்தில் வைக்கும் உலோகக் கலன்) இரண்டில் நிரப்புகிறோம்.

சிலிண்டர் வாயுவை வீணாக்காமல், நொதித்தலில் பிறக்கும் காபனீரொட்சைட்டைக் கொண்டே கெக்குகளிலுள்ள காற்றை வெளியேற்ற முயன்றேன். நொதிகலனின் வாயு முனையிலிருந்து முதல் கெக்கின் நீள்குழாய்க்கும் (கெக்கின் அடிவரை இறங்கும் குழாய்), அதன் வாயு முனையிலிருந்து இரண்டாவது கெக்கின் நீள்குழாய்க்கும் இணைத்து, கடைசி வாயு முனையில் ஸ்பண்டிங் வால்வை (குறித்த அமுக்கத்தைத் தாண்டும் வாயுவை மட்டும் வெளியே விடும் வால்வு) 1 பாருக்கு வைத்தேன். நுரை பொங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும் என்ற பயத்தால் முதல் இரண்டு நாளும் எதையும் இணைக்கவில்லை; வாயுவைச் சாதாரணமாக வெளியே விட்டேன். மூன்றாம் நாள் காலை சாரடர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சீனி நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.050இலிருந்து 1.018க்கு இறங்கியிருந்தபோதுதான் கெக்குகளை இணைத்தேன். அன்று மாலைக்குள் அமுக்கமானி 1 பாரைக் காட்டியது, வால்வும் சீறத் தொடங்கியது. 1.010இல் நொதித்தல் நின்றது.

பத்து நாள் கழிந்தபின் முதல் கெக்கின் பியர் ஓரளவு நன்றாகவே இருந்தது. இரண்டாவது கெக்கின் பியரோ, வைக்கோல் நிறத்தில் ஊற்றியது, பழுத்த மாம்பழத் தோலைப்போல மங்கிப் பழுப்பேறி, ஹொப்ஸின் மணமும் போய், நனைந்த காட்போட் பெட்டியின் வாடை அடித்தது. இரண்டையும் ஒரே நேரத்தில், மூடியைத் திறக்காமல், மூடிய சுற்றில்தான் நிரப்பினேன். அமுக்கத்தில் நொதிக்கவைத்ததுதான் பிழையா? வால்வை முழுவதும் திறந்தே வைத்திருக்க வேண்டுமா?

பதில் 1: மதுவப்பிரியன்

வணக்கம் நண்பரே. உங்கள் இணைப்பு சரி, அமுக்கமும் பிழையன்று. பிழை, இணைத்த நேரத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை கிடக்கிறது.

20 லீற்றர் வோர்ட் (நொதிக்காத மோல்ட் சாறு) 1.050இலிருந்து 1.010 வரை இறங்கினால் ஏறத்தாழ 780 கிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் அது சுமார் 440 லீற்றர் வாயு. அதாவது சாரடர்த்தி ஒரு புள்ளி (0.001) இறங்கும்போது 11 லீற்றர். 32 புள்ளிகள் இறங்கியபின் நீங்கள் இணைத்தீர்கள். அதற்குள் 350 லீற்றர் வாயு அறைக்குள் போய்விட்டது, மிஞ்சியது 88 லீற்றர்தான்.

அந்த 88 லீற்றருக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். வால்வு 1 பாரில் இருந்தபடியால், அந்த அமுக்கம் வரும்வரை கெக்குகளிலிருந்து ஒரு துளிக் காற்றுகூட வெளியேறவில்லை. உள்ளே வந்த வாயு அங்கிருந்த காற்றை நெருக்கியது மட்டுமே. இரண்டு கெக்குகளையும் 1 பாருக்கு ஏற்ற 19 லீற்றர், நொதிகலனின் மேல்வெளிக்கு 7 லீற்றர், பியரிலேயே மேலதிகமாகக் கரைந்தது ஒரு 14 லீற்றர் என்று 40 லீற்றர் இதிலேயே முடிந்தது. எஞ்சிய 48 லீற்றர்தான் உண்மையில் கெக்குகளைக் கழுவியது. ஆனால் 1 பார் அமுக்கத்தில் 19 லீற்றர் இடத்தை ஒருமுறை மாற்றுவதற்கே 38 லீற்றர் வாயு வேண்டும். ஆகவே ஒரு முறையும் கொஞ்சமும்தான் மாறியிருக்கிறது. முதல் கெக்கின் காற்று முழுவதும் இரண்டாவதன் வழியாகவே வெளியேற வேண்டியிருந்ததால், மிச்சமெல்லாம் அங்கே தங்கிவிட்டது. அமுக்கமானி 1 பார் என்று காட்டியது உண்மை. அது எந்த வாயுவின் அமுக்கம் என்பதை அந்த முள் சொல்லாது.

பியரைப் பழுப்பாக்கி, காட்போட் வாடையைத் தந்தது அந்தக் காற்றிலிருந்த ஒட்சிசன்தான். அது எவ்வளவு கெடுதி செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு லீற்றர் காற்றில் 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. அது 9 லீற்றர் பியரில் முழுமையாகக் கரைந்தால் லீற்றருக்கு 30 மில்லிகிராம். பொதியிடும்போது 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று பெரிய மதுவடிசாலைகள் பாடுபடுகின்றன.

முதல் நாளே இணைத்திருந்தால், அதே 1 பாரில் வைத்தே 400 லீற்றர் வாயு கெக்குகள் ஊடாகப் போயிருக்கும். உள்வெளி பத்து முறைக்கு மேல் மாறியிருக்கும், இரண்டாவது கெக்கிலும் அளவிடத்தக்க காற்று எஞ்சியிராது. வால்வைத் திறந்து வைத்தால் அதே வாயு இரண்டு மடங்கு வேலை செய்யும். ஆனால் எசுத்தர் மணத்தை (நொதித்தலில் எழும் பழவாசனை) அடக்குவதற்காக நீங்கள் அமுக்கத்தை விரும்பினால், அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

நுரைப் பயம் நியாயமானது. வால்வுக்குள் மதுவம் (ஈஸ்ட்) காய்ந்து இறுகிவிட்டால் அது திறக்காது. நீள்குழாயைக் கழற்றிய ஒரு சின்னக் கெக்கை நொதிகலனுக்கும் முதல் கெக்குக்கும் இடையில் வையுங்கள். நுரை வந்தாலும் அதன் அடியில் தங்கிவிடும். அந்த இடத்தில் கண்ணாடிப் போத்தலை மட்டும் வைக்காதீர்கள். அமுக்கத்தில் அது வெடிக்கும்.

பதில் 2: கொட்டாஞ்சேனை நொதிகலன்

மேலே நண்பர் சொன்ன கணக்கோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நான் காற்றைக் கழுவுவதே இல்லை. கெக்கில் காற்றே இல்லாமல் தொடங்குகிறேன். இரண்டு கெக்குகளையும் கிருமிநீக்கிக் கரைசலால் விளிம்புவரை நிரப்பி மூடி, நொதிகலனின் வாயுவை முதல் கெக்கின் வாயு முனைக்குக் கொடுத்து, அதன் நீள்குழாயை இரண்டாவதன் வாயு முனைக்கும், இரண்டாவதன் நீள்குழாயை ஒரு வாளிக்கும் இணைக்கிறேன். 19 லீற்றர் கரைசலைத் தள்ள 19 லீற்றர் வாயு போதும், அதாவது சாரடர்த்தியில் இரண்டே புள்ளி. உங்களைப்போல் மூன்றாம் நாள் இணைத்தாலும் இம்முறை கைவிடாது.

வாயு முனைக்குக் கீழுள்ள சிறுகுழாய் நீண்டிருந்தால் மூடிக்கடியில் காற்று சிறைப்படும். அதை வெட்டிக் குறுக்குங்கள், நிரப்பும்போது கெக்கைச் சரித்துக் குலுக்குங்கள். நீங்கள் சிலிக்கோன் குழாய் பாவிக்கிறீர்களென்றால் அதையும் மாற்றுங்கள்: ஒட்சிசன் அதன் சுவரை ஊடுருவி வரும், எங்கள் வெப்பத்தில் இன்னும் வேகமாக.

வெள்ளவத்தைக் கடலோரம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கெக்குகளுக்குள் காற்று நெருக்கப்பட்டுக் கிடந்தது என்பதை வாசித்தபோதுதான், வால்வு சீறியதைக் கேட்டு நான் ஏன் ஏமாந்தேன் என்று புரிந்தது. சிலிக்கோன் குழாய்தான் பாவித்தேன், அதையும் மாற்றிவிடுகிறேன். அடுத்த தொகுதியில் முதல் நாளே, நுரைக் கெக்குடன் இணைக்கப்போகிறேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் உள்ளன. நொதித்தல் முடிந்து நொதிகலனை 2 பாகைக்குக் குளிரவைக்கும்போது கெக்குகளைக் கழற்றிவிடலாமா? காற்று போய்விட்டதா என்று விலையுயர்ந்த கருவி இல்லாமல் அறிய வழியுண்டா?

பதில் 3: மதுவப்பிரியன்

கழற்ற வேண்டாம். குளிரும்போது மேல்வெளி சுருங்கும், பியரும் மேலும் வாயுவைக் குடிக்கும். இணைந்திருக்கும் கெக்குகளிலிருந்து அது சுத்தமான வாயுவையே இழுத்துக்கொள்ளும். அதற்கு முன் அமுக்கம் 1 பாரில் நிற்கிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவையும் தேடுங்கள். நொதிகலனைக் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தால், மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே விடாதீர்கள். அடியில் காபனீரொட்சைட்டு தேங்கியிருக்கும்.

சோதிப்பதற்குச் சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒரு கிராம் துல்லியத்தில் 5 கிலோ வரை நிறுப்பது உகந்தது. 30 பாகையில் ஒரு லீற்றர் காற்று 1.16 கிராம், காபனீரொட்சைட்டு 1.77 கிராம். கிருமிநீக்கியை வடித்து மூடிய கெக்கை, இணைப்பதற்கு முன் ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவியபின், குளிரவைப்பதற்கு முன் கழற்றி, அமுக்கத்தைச் சாதாரண நிலைக்கு விட்டுவிட்டு மறுபடி நிறுத்து, குளிரவைக்குமுன் மீண்டும் இணைத்துவிடுங்கள். 9.5 லீற்றர் கெக் 5 அல்லது 6 கிராம் கூடியிருக்க வேண்டும். அமுக்கத்தை விடாமல் நிறுத்தால் எடை எப்படியும் கூடிக் காட்டும், அதை நம்ப வேண்டாம். சிறிய எச்சத்தை இந்த முறை காட்டாது; பெருமளவு காற்று மிஞ்சியிருந்தால் மட்டுமே எடை குறைவது தெரியும்.