உதவி: "லண்டன்" என்று இணைத்தால் கனடாக்காரர்கள் இங்கிலாந்தில் நிற்கிறார்கள், சில லண்டன்காரர்களைக் காணவே இல்லை

திரைநிரல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் திரைப்படச் சங்கத்துக்காக ஒரு வரைபடம் தயாரிக்கிறேன். ஊரைத் தொட்டால் அங்கே பிறந்த நடிகர்கள், இயக்குநர்கள், இசைக்கலைஞர்கள் யார் யார் என்று பெயரும் பிறந்த ஆண்டும் வர வேண்டும்.

தரவு இரண்டு தாள்களில் இருக்கிறது. முதல் தாளில் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த ஊர். இதை விக்கித்தரவு (Wikidata) என்ற திறந்த தரவுத்தளத்திலிருந்து இறக்கினேன். இரண்டாவது தாளில் ஊர், நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை. இதில் லண்டன் இரண்டு வரிசைகளில் இருக்கிறது: ஒன்று இங்கிலாந்து, இன்னொன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். இரண்டு தாள்களையும் கூகுள் ஷீட்ஸில் விலுக்கப் (VLOOKUP, ஒரு சொல்லை இன்னொரு தாளில் தேடி அந்த வரிசையின் தகவலை எடுத்து வரும் சூத்திரம்) போட்டு ஊர்ப்பெயரை வைத்து இணைத்திருக்கிறேன். பிழை வரும் வரிசைகள் காலியாகத் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், இங்கிலாந்துப் புள்ளியைத் தொட்டால் ரையன் காஸ்லிங் (1980), ரேச்சல் மெக்காடம்ஸ் (1978), ஜஸ்டின் பீபர் (1994), வார்னர் பிரதர்ஸ் சகோதரர்களில் ஒருவரான ஜாக் வார்னர் (1892) எல்லாரும் அங்கே வருகிறார்கள். நால்வரும் பிறந்தது ஒன்டாரியோ லண்டனில். ஒன்டாரியோ புள்ளியில் ஒருவர்கூட இல்லை. அதே சமயம், உண்மையிலேயே இங்கிலாந்து லண்டன்காரர்களான போரிஸ் கார்லோஃப் (1887), மைக்கேல் கெய்ன் (1933) இருவரும் வரைபடத்தில் எங்கேயும் இல்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா? நாலு பேரைக் கையால் மாற்றிவிடலாம். ஆனால் மற்ற ஊர்களில் என்னென்ன தப்பாக நிற்கிறது என்று எனக்கே தெரியாது, அதுதான் கவலை.

வரைபடக்காரன்

இரண்டும் வேறு வேறு பிழைகள். தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது, விலுக்கப். தேடும் சொல் எத்தனை வரிசைகளில் இருந்தாலும் அது முதலில் கண்டதை மட்டும்தான் திருப்பித் தரும். உங்கள் தாளில் இங்கிலாந்து மேலே இருக்கிறது போல, அதனால் லண்டன் என்று எழுதிய எல்லாருக்கும் அந்த ஆயத்தொலைவே விழுகிறது. கனடா வரிசையை மேலே கொண்டுபோனால் எல்லாரும் ஒன்டாரியோவுக்குப் போய்விடுவார்கள். அதனால் சூத்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஊர்ப்பெயரை அடையாளமாக வைத்ததுதான் பிரச்சினை.

விக்கித்தரவில் ஒவ்வொரு ஊருக்கும் தனி எண் உண்டு. இங்கிலாந்து லண்டன் க்யூ84 (Q84). ஒன்டாரியோ லண்டனுக்கு வேறு எண். பிறந்த இடம் என்ற பண்பு, அதாவது தகவல் புலம், பி19 (P19). நீங்கள் தரவை இறக்கும்போது பி19 இன் பெயரை மட்டும் எடுத்து எண்ணை விட்டுவிட்டீர்கள். மறுபடி இறக்கும்போது எண்ணையும் ஒரு நெடுவரிசையாக எடுங்கள். இரண்டாவது தாளிலும் அதே எண்ணைச் சேர்த்து, அதை வைத்து இணையுங்கள். ஊர்ப்பெயர் கண்ணுக்குக் காட்ட மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, காணாமல் போனவர்கள். கார்லோஃபுக்குப் பிறந்த இடம் கேம்பர்வெல் என்றும், கெய்னுக்கு ராதர்ஹித் என்றும் இருக்கும். இரண்டும் லண்டனுக்குள் இருக்கும் பகுதிகள். உங்கள் இரண்டாவது தாளில் அந்தப் பெயர்கள் இல்லாததால் விலுக்கப் பிழை காட்டியிருக்கும், நீங்கள் அதைக் காலியாக்கி மறைத்துவிட்டீர்கள். அந்த மறைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். சிவப்பாகத் தெரிந்தால்தான் யார் விடுபட்டார்கள் என்று தெரியும்.

திரைநிரல்

மறைப்பை எடுத்துப் பார்த்தேன் ஐயா. லண்டன் மட்டுமல்ல, நிறையப் பேர் சிவப்பாக நிற்கிறார்கள். கேம்பர்வெல் மாதிரி ஒவ்வொரு பகுதியையும் இரண்டாவது தாளில் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா?

வரைபடக்காரன்

வேண்டாம். பி131 என்ற பண்பு ஓர் இடம் எந்த நிர்வாகப் பகுதிக்குள் இருக்கிறது என்று சொல்லும். விக்கித்தரவுத் தேடலில் அதை நட்சத்திரக் குறியோடு போட்டால் படிப்படியாக மேலே ஏறிப் போகும்: கேம்பர்வெல், அது அடங்கிய சதக் பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பிரிவு), அதற்கு மேலே பெருநகர லண்டன். ஒன்றைக் கவனியுங்கள். லண்டன், பெருநகர லண்டன், சிட்டி ஆஃப் லண்டன் மூன்றும் தனித்தனி உருப்படிகள். க்யூ84 ஐ மட்டும் கேட்டால் சிலர் மறுபடியும் விடுபடலாம், பெருநகர லண்டனையும் சேர்த்துக் கேளுங்கள்.

தேம்ஸ்கரை

நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஒன்டாரியோ லண்டன் இங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். எண்ணைப் பற்றிச் சொன்னது சரி, அதைச் செய்யுங்கள். ஆனால் அந்த ஊருக்காகவும் நான் கொஞ்சம் பேச வேண்டும்.

1793 இல் ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) தலைநகர் இங்கே வர வேண்டும் என்று இடத்தைப் பார்த்து, ஊருக்கு லண்டன் என்றும் ஆற்றுக்குத் தேம்ஸ் என்றும் பெயர் வைத்தார். தலைநகர் டொராண்டோ பக்கம் போய்விட்டது. ஊர் உருவானது 1826 இல்தான். ஆக்ஸ்ஃபோர்டு தெரு, பிக்கடில்லி தெரு, கோவென்ட் கார்டன் சந்தை எல்லாம் இங்கேயும் உண்டு, சுற்றியிருக்கும் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பெயரும் மிடில்செக்ஸ். அதனால் முகவரியில் தேம்ஸ் என்றோ மிடில்செக்ஸ் என்றோ பார்த்து இது இங்கிலாந்து என்று முடிவு கட்ட முடியாது. மாகாணத்தையும் நாட்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

2021 கணக்கெடுப்பில் இங்கே மக்கள் சுமார் 4.2 லட்சம், அங்கே சுமார் 88 லட்சம். வெறும் லண்டன் என்று கொடுத்தால் வரைபடச் செயலிகள் பெரிய ஊரையே எடுத்துக்கொள்ளும். அதனால் இந்தச் சிறிய ஊரின் பிள்ளைகள் எப்போதும் அந்தப் பெரிய ஊரின் கணக்கில் போய்ச் சேர்கிறார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. புத்தாண்டு இரவென்றாலே அமெரிக்க வானொலியில் கேட்ட இசைக்குழுவின் தலைவர் கை லம்பார்டோ (1902), நடிகர் விக்டர் கார்பர் (1949), நடிகை கேட் நெல்லிகன் (1950), இயக்குநர் பால் ஹேகிஸ் (1953), தொலைக்காட்சி எழுத்தாளர் டேவிட் ஷோர் (1959), இவர்கள் எல்லாரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். உங்கள் தாளில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அவர்களும் இங்கிலாந்தில்தான் நிற்பார்கள்.

இன்னொன்று. பிறந்த ஊரையும் வளர்ந்த ஊரையும் கலந்துவிடாதீர்கள். பீபர் வளர்ந்தது ஸ்ட்ராட்ஃபோர்டில், காஸ்லிங் கார்ன்வாலில். இரண்டும் ஒன்டாரியோவில் இருக்கின்றன, இரண்டுக்கும் இங்கிலாந்தில் அதே பெயர் உண்டு. ஷேக்ஸ்பியர் பிறந்த இங்கிலாந்து ஸ்ட்ராட்ஃபோர்டில் ஓடுவது போலவே ஒன்டாரியோ ஸ்ட்ராட்ஃபோர்டில் ஓடும் ஆற்றின் பெயரும் ஏவன்தான். அங்கே 1953 இல் ஷேக்ஸ்பியர் நாடக விழா தொடங்கியபோது முதல் நாடகத்தில் நடித்தவர் அலெக் கின்னஸ், இங்கிலாந்து லண்டனில் 1914 இல் பிறந்தவர். வளர்ந்த இடத்துக்குத் தனி நெடுவரிசை இல்லையென்றால் அந்தத் தகவலை விட்டுவிடுங்கள், பிறந்த இடத்தில் திணிக்காதீர்கள்.

பழையஏடு

சோதித்துப் பார்க்க மூன்று பெயர்கள் தருகிறேன். இந்த மூன்றும் சரியாக விழுந்தால் உங்கள் இணைப்பு பெரும்பாலும் சரி என்று நம்பலாம்.

ஹியூம் க்ரோனின், 1911, ஒன்டாரியோ லண்டன். தாய்வழியில் லபாட் மதுபானக் குடும்பம், தந்தை அந்த ஊருக்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஜெசிகா டேண்டி, 1909, இங்கிலாந்து லண்டன், ஹாக்னி பகுதி. இவர்கள் கணவன் மனைவி. 1942 இல் திருமணம், நாடக மேடையிலும் திரையிலும் பல காலம் சேர்ந்து நடித்தார்கள். டேண்டி 80 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். கணவர், மனைவி இருவரின் பிறந்த ஊரும் லண்டன் என்றே எழுதப்பட்டிருக்கும், ஆனால் நடுவே அட்லாண்டிக் கடல் இருக்கிறது. உங்கள் தாளில் இருவரும் ஒரே புள்ளியில் நின்றால் இணைப்பு இன்னும் பெயரை வைத்துத்தான் ஓடுகிறது என்று அர்த்தம்.

மூன்றாமவர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். க்ரோனின் 1943 இல் திரைக்கு வந்தது இவருடைய படத்தில்தான். டேண்டியும் 1963 இல் இவர் படத்தில் நடித்தார். ஹிட்ச்காக் பிறந்தது 1899 இல் லேட்டன்ஸ்டோனில், அப்பா காய்கறிக் கடை வைத்திருந்த வீட்டில். இன்று அது லண்டன். 1899 இல் அது எசெக்ஸ் கவுண்டி. பெருநகர லண்டன் அமைந்தது 1965 ஏப்ரல் 1 அன்று, அப்போதுதான் லேட்டன்ஸ்டோன் உள்ளே வந்தது. டேண்டி பிறந்த ஹாக்னியோ 1909 இலேயே லண்டன் கவுண்டியில் இருந்தது. க்ராய்டனில் பிறந்த இயக்குநர் டேவிட் லீன் (1908) விஷயமும் ஹிட்ச்காக் விஷயம் மாதிரிதான், அது அப்போது சர்ரே.

நீங்கள் கேட்ட கார்லோஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் கவுண்டி உருவானது 1889 வசந்தத்தில். 1887 இல் கேம்பர்வெல் சர்ரேயில் இருந்தது. சார்லி சாப்ளின் பிறந்தது 1889 ஏப்ரல் 16, கவுண்டி உருவான சில வாரங்களிலேயே. அவருடைய பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை, வால்வொர்த்தில் பிறந்தார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. அதனால் அவர் வரிசையில் "உறுதியான பதிவு இல்லை" என்று குறிப்பு எழுதுங்கள்.

நான் செய்யச் சொல்வது இது: "அன்றைய நிர்வாகப் பகுதி", "இன்றைய நிர்வாகப் பகுதி" என்று இரண்டு நெடுவரிசைகள். வரைபடப் புள்ளி இன்றைய இடத்தில் இருக்கட்டும், தொட்டால் வரும் பெட்டியில் அன்றையதும் வரட்டும். ஒன்றை மட்டும் வைத்தால், எசெக்ஸ் என்று சொல்பவரும் லண்டன் என்று சொல்பவரும் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

வரைபடக்காரன்

பழையஏடு ஐயா சொன்னது எனக்கும் பயன். திரைநிரல், மற்ற ஊர்களைக் கண்டுபிடிக்க வழி: இரண்டாவது தாளில் ஊர்ப்பெயர் நெடுவரிசைக்குக் கவுண்ட்இஃப் (COUNTIF, ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரம்) போடுங்கள். ஒன்றுக்கு மேல் வருவதெல்லாம் சந்தேகப் பட்டியல். ஆனால் இது உங்கள் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை இருக்கும் ஊர்களை மட்டும்தான் காட்டும். ஒரு முறை மட்டும் இருக்கும் ஊர் இன்னும் ஆபத்து. கேம்ப்ரிட்ஜ் என்று இங்கிலாந்தை மட்டும் எழுதியிருந்தால், அங்கே பிறந்த ரிச்சர்ட் அட்டன்பரோ (1923), ஒலிவியா நியூட்டன் ஜான் (1948) பக்கத்தில் மாசசூசெட்ஸின் மேட் டேமனும் (1970) சத்தமில்லாமல் வந்து நின்றுவிடுவார். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பர்மிங்காம் என்றால் கோர்ட்னி காக்ஸ் (1964) அலபாமாவில் பிறந்தவர். ஹாலிஃபாக்ஸ் என்றால் எட் ஷீரன் (1991) யார்க்ஷயர், எலியட் பேஜ் (1987) நோவா ஸ்கோஷா. ஏதென்ஸ் என்று கிம் பேசிங்கருக்கு (1953) இருந்தால் அது அமெரிக்காவின் ஜார்ஜியா.

ரிச்மண்டைத் தனியாகப் பாருங்கள். ஷெர்லி மெக்லெய்ன் (1934), வாரன் பீட்டி (1937) என்ற அக்காவும் தம்பியும் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்தவர்கள், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷும் (1943) அங்கேதான். ரொனால்ட் கோல்மன் (1891) பிறந்த ரிச்மண்ட் அன்று சர்ரே, இன்று லண்டன். அதில் ஒரே பெயர், மாறிய எல்லை என்ற இரண்டு வகைச் சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன.

விரிதாள்

இடையில் ஒரு சின்ன விஷயம். விலுக்கப்பில் கடைசி அளபுரு பொய் (FALSE) என்று இருக்கிறதா பாருங்கள். விட்டுவிட்டால் தோராயப் பொருத்தம் தேடும், எண்ணை வைத்து இணைத்தாலும் தப்பான ஊர் வரும்.

திரைநிரல்

எல்லாருக்கும் நன்றி. எண்ணோடு மறுபடி இறக்கினேன், இணைப்பை எண்ணுக்கு மாற்றினேன். க்ரோனின் ஒன்டாரியோவுக்குப் போய்விட்டார், டேண்டி ஹாக்னியில் இருக்கிறார். ஹிட்ச்காக் லேட்டன்ஸ்டோனில், பெட்டியில் எசெக்ஸும் வருகிறது. தேம்ஸ்கரை அக்கா சொன்ன ஐந்து பேரில் நெல்லிகனும் ஷோரும் என் தாளிலேயே இல்லை, சேர்த்துவிட்டேன். ஒன்டாரியோ லண்டனுக்கு இப்போது நல்ல பட்டியல் இருக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. நம் பக்கத்து ஊர்கள். தமிழில் எழுதியதால் கடல்வழிக் கணிதர் நதானியல் பௌடிச் (1773) சேலத்தில் நிற்கிறார், அவர் மாசசூசெட்ஸ் சேலம். அது எண்ணோடு சரியாகிவிட்டது. ராஜாஜிக்கு (1878) சில இடங்களில் சேலம் மாவட்டம், சில இடங்களில் கிருஷ்ணகிரி என்று இருக்கிறது. எம்.ஜி.ஆருக்கு (1917) கண்டி என்றும் நாவலப்பிட்டி என்றும் இருக்கிறது. எதை வைப்பது?

பழையஏடு

ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கம் தோரப்பள்ளி. அன்று சேலம் மாவட்டம். 1965 இல் தருமபுரி பிரிந்தது, 2004 இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி. லேட்டன்ஸ்டோன் மாதிரியே எழுதுங்கள்: ஊர் தோரப்பள்ளி, அன்று சேலம், இன்று கிருஷ்ணகிரி.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் மாவட்டம் மாறவில்லை. நாவலப்பிட்டி ஊர், கண்டி அது இருக்கும் மாவட்டம். ஊர் நெடுவரிசையில் நாவலப்பிட்டி, நிர்வாகப் பகுதியில் கண்டி. தெரிந்த வரைக்கும் சின்ன இடத்தையே பதியுங்கள். சின்ன இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் பி131 தானாக ஏறிவிடும், பெரிய இடத்திலிருந்து கீழே இறங்க அதனால் முடியாது.

தேம்ஸ்கரை

தம்பி, ஜாக் வார்னர் பெட்டியில் ஒரு வரி சேருங்கள். போலந்திலிருந்து வந்த குடும்பம், பிழைப்புக்காகக் கனடாவில் ஊர் ஊராகப் போனபோது லண்டனில் பிறந்த பிள்ளை அவர். கொஞ்ச காலத்திலேயே அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார்கள். வளர்ந்த ஊர் என்று யாராவது ஒன்டாரியோவை எழுதப் பார்த்தால் அந்த வரி தடுக்கும்.