ஹபரணையில் ஏது கடற்கரை?

உப்புவெளிப் பெடியன்:
இங்கே திருகோணமலைப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஜெர்மன்காரர் கடற்கரைக்கு வழி கேட்கும்போது ‘ஸ்ட்ராண்ட்’ என்பார்கள். நேற்று இரவு ஓர் இங்கிலாந்துத் தம்பதி போன் எடுத்து, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம், ஹபரணையில் ‘ஸ்ட்ராண்டட்’, அதாவது போக வழியில்லாமல் நிற்கிறோம் என்றார்கள். வான் அனுப்பிவிட்டேன், அது சரி. ஆனால் ஹபரணையில் கடல் எங்கே? அங்கே யானைதான் நிற்கும். இரண்டு சொல்லுக்கும் உறவு இருக்கிறதா?

பழைய டீச்சர்:
உறவுதான் தம்பி. பழைய ஆங்கிலத்திலும் ஸ்ட்ராண்ட் என்றால் கரை. லண்டனில் அந்தப் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ஒருகாலத்தில் தேம்ஸ் ஆற்றோரம். 1870இல் அணைக்கரை கட்டி முடிந்தபின் ஆறு தள்ளிப்போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். கப்பல் கரையில் ஏறிச் சிக்குவதை 17ஆம் நூற்றாண்டில் ‘ஸ்ட்ராண்டட்’ என்று சொன்னார்கள். மனிதருக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். தலைமுடி இழையைச் சொல்லும் ஸ்ட்ராண்ட் வேறு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

மூதூர் வள்ளக்காரன்:
நாங்களும் ‘வள்ளம் தரை தட்டிச்சு’ என்கிறோமே! ஆனால் ஆளுக்குச் சொல்வதில்லை. நம் பக்கம் வற்றுப்பெருக்கு இரண்டடி வந்தாலே பெரிது. நாலு பேர் இறங்கித் தள்ளினால் வள்ளம் மிதந்துவிடும். இங்கிலாந்துக் கடலில் பல இடங்களில் பதினைந்து அடிக்கு மேல் தண்ணீர் இறங்கும். வற்று நேரத்தில் கப்பல் மணலில் சாய்ந்து கிடக்கும், கடல் எங்கோ தூரத்தில். தண்ணீர் விட்டுவிட்டுப் போய்விட்டது, பஸ்ஸும் அப்படித்தானே போனது?

உப்புவெளிப் பெடியன்:
அருமை அண்ணை. அப்போ தனியே கைவிடப்பட்டவரைச் சொல்லும் ‘மரூண்ட்’? அது மெரூன் நிறமா?

பழைய டீச்சர்:
இல்லை. நிறம், பிரெஞ்சில் செஸ்நட் கொட்டைக்குள்ள பெயரிலிருந்து வந்தது. மற்றது ஸ்பானிய ‘சிமரோன்’; காட்டுக்கு ஓடிப்போன விலங்கு, அப்புறம் தப்பியோடிய அடிமை. ஆளைத் தீவில் இறக்கிவிட்டுப் போவது பிறகு வந்த பொருள்.

மூதூர் வள்ளக்காரன்:
அப்படியானால் எங்கள் கொட்டியாரத்தில் அகப்பட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இதில் எது, டீச்சர்?

பழைய டீச்சர்:
இரண்டும் இல்லை. பாய்மரம் இழந்த கப்பலைச் சரிசெய்ய வந்தவரை 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். 1679இல்தான் தப்பினார். அது கைதி. பஸ்ஸை விட்டவர்கள்தான் ஸ்ட்ராண்டட். டிராபிக்கில் நின்றால் வெறும் ‘ஸ்டக்’ போதும்.