"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரி விற்பவரைக் காக்குமா?

செம்பூர்வாசி

என்னிடம் உள்ள மிரர்லெஸ் கேமராவையும் அதனுடன் வந்த லென்ஸையும் இணையத்தில் விற்கப் போகிறேன். கேமரா நன்றாக இயங்குகிறது. லென்ஸின் முன்விளிம்பில் மட்டும் ஒரு கீறல் உண்டு, அது படத்தில் விழுவதில்லை. நாக்பூரிலிருந்து ஒருவர் கூரியரில் அனுப்பச் சொல்கிறார். பொருள் கைக்குப் போன பிறகு "வேலை செய்யவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அவர் கேட்டால் என்ன செய்வது? "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டால், அதைப் படித்துவிட்டு வாங்கியவர் பிறகு தகராறு செய்ய இடமில்லை என்பது என் கருத்து. கடை ரசீதுகளிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். உடன்படாதவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மாட்டுங்கா வழக்கறிஞர்

நான் உடன்படவில்லை. கடை ரசீதில் அச்சிட்டிருப்பதாலேயே அந்த வரி செல்லுபடியாகிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையே அது முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இணைய விற்பனைத் தளங்களில் கடை நடத்துகிறவர்களுக்கு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் உண்டு. பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது.

உங்கள் நிலை வேறு. தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தா. ஆனால் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் உங்களுக்கும் உண்டு. அதன் 15ஆம் பிரிவின்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். ஆகவே உங்களைக் காக்கப்போவது விவரிப்புதான். கீறலை எழுதுங்கள், அதைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற ஷட்டர் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். அறிந்தே வாங்கிய கீறலைக் காட்டி ஒருவர் பணம் திரும்பக் கேட்க முடியாது.

தாராவி தோல்பை

வழக்கறிஞர் அம்மா சொல்லும் சட்டம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாள்தோறும் பார்சல் கட்டுகிற எங்களைப் போன்றவர்களின் தகராறு நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போவதே அரிது. விற்பனைத் தளத்தில் யாரோ ஒருவர், நாங்கள் ஏற்றிய சில படங்களைப் பார்த்துவிட்டு முடித்துவிடுகிறார்.

90 அடி சாலைக்குப் பக்கத்தில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். நான் அனுப்பியது எருமைத்தோல் லேப்டாப் பை. "பிடிக்கவில்லை" என்று திரும்பி வந்த உறைக்குள் இருந்தது ரெக்சின் என்ற செயற்கைத் தோலில் செய்த பை. எங்கள் பையில் வெட்டிய ஓரத்துக்குச் சாயம் பூசித் தேய்த்து வழவழப்பாக்கியிருப்போம். வந்த பையின் ஓரத்திலோ அடித்துணியின் நூல் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. தோல் தெரிந்தவர் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் பழுப்புப் பைதான். பை கட்டிய வீடியோவை அனுப்பியும், அதில் கூரியர் சீட்டு தெரியவில்லை என்று என் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். பணமும் போயிற்று, பையும் போயிற்று.

விவரிப்பு சரியாக இருந்தால் போதும் என்பது நேர்மையாக வாங்குகிறவரிடம்தான் செல்லும். பொருளையே மாற்றி அனுப்புகிறவர் விவரிப்பைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அதனால் இப்போது பையின் உள்பக்கம் பதித்த வரிசை எண், தராசில் எடை, உறை ஒட்டுவது, கூரியர் சீட்டின் எண் எல்லாவற்றையும் வெட்டு விழாத ஒரே வீடியோவில் எடுக்கிறோம். திரும்பி வரும் பார்சலையும் பிரிப்பதற்கு முன்பிருந்தே எடுக்கிறோம்.

மாட்டுங்கா வழக்கறிஞர்

அண்ணாச்சி, உங்களுக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீடியோவை இவ்வளவு நம்ப வேண்டாம் என்பேன். உறைக்குள் நீங்கள் எதை வைத்தீர்கள் என்பதைத்தான் அது காட்டும்; வாங்கியவர் எதைத் திருப்பி வைத்தார் என்பதைக் காட்டாது. அதைவிட வலுவான சான்று நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றில் இருக்கிறது. கூரியர் நிறுவனம் தன் மையத்தில் பார்சலை எடைபோட்டுப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது 1.4 கிலோ, வரும்போது 900 கிராம் என்று இருந்தால், அது உங்களுக்கும் வாங்கியவருக்கும் பொதுவான மூன்றாமவரின் பதிவு. கோரிக்கையின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

வீடியோவின் மூலக்கோப்பைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற தகவலும் உதிர்ந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது அதற்குரிய சான்றிதழும் தர வேண்டியிருக்கும்; மூலக்கோப்பு கையில் இருந்தால் அது எளிது. வாங்கியவருக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு என்பதால், தளத்தில் விவகாரம் முடிந்ததும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

முலுண்ட் ஓய்வூதியர்

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருவரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள், பணம் எப்படி வருகிறது என்பதைப் பார்க்கவில்லை. நாக்பூர்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பணம் அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்துதான் வர வேண்டும். "என் நண்பர் அனுப்புவார்" என்று மூன்றாம் ஆளின் கணக்கிலிருந்து யுபிஐயில் பணம் வந்து, அந்தப் பணம் வேறொருவரை ஏமாற்றிப் பறித்தது என்று இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 தொலைபேசி எண்ணில் புகார் பதிவானால், அந்தப் பணம் போன கணக்குகளின் சங்கிலியில் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். கேமரா விற்றதற்கான உரையாடலும் அனுப்பிய சீட்டும் இல்லாமல் அதை விடுவிப்பது பெரும்பாடு.

பணம் செலுத்தியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சலைக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, ஆகவே "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின்னைப் போட்டால் பணம் வரும்" என்று யார் சொன்னாலும் அவர் பணம் எடுக்கப் பார்க்கிறார். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இன்னோர் எண்ணுக்குப் போடுங்கள் என்றாலும் போடாதீர்கள். வந்த கணக்குக்கே திருப்புங்கள்.

என்னைக் கேட்டால் கூரியரே வேண்டாம். செம்பூரிலோ தாதரிலோ வாங்க ஆள் கிடைப்பார். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தித்து, அவரையே பத்துப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி, வரிசை எண் எழுதிய விற்பனைக் குறிப்பில் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் தகராறு அங்கேயே தீர்ந்தது.

தாராவி தோல்பை

கேமரா விற்கும் தம்பிக்கு அது சரிவரும். எனக்கு அசாமிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆர்டர் வருகிறது. நேரில் கொடு என்றால் பட்டறையை மூட வேண்டியதுதான். பார்சலை வாசலிலேயே பிரித்துக் காட்டிவிட்டுக் கொடுக்கும் ஓப்பன் பாக்ஸ் டெலிவரியை எல்லாப் பொருளுக்கும் கொண்டுவந்தால் எங்கள் சிக்கலில் பெரும்பகுதி போய்விடும். இப்போது அது சில வகைப் பொருட்களுக்குத்தான் கிடைக்கிறது.

செம்பூர்வாசி

அந்த வரியை நம்பியிருப்பதில் பயனில்லை என்பதை ஏற்கிறேன். விளம்பரத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "பயன்படுத்திய கேமரா. உறுதிக்காலம் முடிந்துவிட்டது. லென்ஸின் முன்விளிம்பில் கீறல் உண்டு, மூன்றாவது படத்தைப் பார்க்கவும். சார்ஜர் நிறுவனத்தினுடையது அன்று. ஷட்டர் எண்ணிக்கையும் முழு வரிசை எண்ணும் கடைசிப் படத்தில் உள்ளன." கூரியரில் அனுப்பும் பட்சத்தில் வழியில் உடைந்தால் யார் பொறுப்பு?

மாட்டுங்கா வழக்கறிஞர்

சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, கூரியரிடம் ஒப்படைப்பதை மாறாக நிரூபிக்கப்படாதவரை வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்கிறது. ஆனால் அதே பிரிவு, பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் கூரியரோடு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கேமராவைக் காப்பீடு இல்லாமல், விலையைக் குறைத்துக் காட்டி அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைப்பது கடினம். முழு விலையையும் அறிவித்து, காப்பீட்டோடு அனுப்புங்கள். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

தாராவி தோல்பை

தம்பி, முழு வரிசை எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள். உங்கள் படத்தையும் எண்ணையும் எடுத்து இன்னொருவர் அதே கேமராவை விற்பதாக விளம்பரம் போடுவார். கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்ணைப் பணம் வந்த பிறகு வாங்குபவருக்கு மட்டும் அனுப்புங்கள். "பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் எந்தப் புகாரையும் ஏற்கமாட்டேன்" என்ற வரியையும் சேருங்கள்.

மாட்டுங்கா வழக்கறிஞர்

கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஏற்கமாட்டேன், அண்ணாச்சி. வீடியோ எடுக்கும்படி வேண்டிக் கேட்கலாம். எடுக்காதவருக்கு உரிமையே இல்லை என்று உங்களைப் போன்ற வணிகர் எழுதினால், அதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46)ஆம் பிரிவு சொல்லும் முறையற்ற ஒப்பந்தம் என்று எதிர்த்தரப்பு வாதிட வழி திறந்துவிடுகிறீர்கள். கைப்பேசியில் வீடியோ எடுக்கத் தெரியாத முதியவர்களும் உங்களிடம் பை வாங்குகிறார்கள்.

தாராவி தோல்பை

முதியவர் யாராவது கூப்பிட்டுச் சொன்னால் நான் பேசித் தீர்த்துக்கொள்வேன், இதுவரையும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ரெக்சினை அனுப்பியவருக்கும் அதே சலுகையைக் கொடுக்க என்னால் முடியாது. அந்த வரி என் பக்கத்தில் இருக்கும்.