தோட்டத்துல பனி, பையில பாதி ஸ்வெட்டர்

குரூப்: நம்ம வீடு

வியாழன்

அம்மா: யாராச்சும் முழிச்சிருக்கீங்களா, இன்னைக்கு ராத்திரி 1 டிகிரி வரைக்கும் இறங்கும்னு போட்டிருக்கான், தக்காளி செடியில காய் அப்படியே தொங்குது, முக்காவாசி பச்சை, என்ன பண்றதுன்னே தெரியல

நான்: இப்பவே போய் எல்லாத்தையும் பறிச்சிருங்கம்மா. பனி பட்டுச்சுன்னா காய் உள்ள தண்ணியா போய் அழுக ஆரம்பிச்சிடும், அப்புறம் எதுக்கும் ஆகாது

அம்மா: பச்சைய பறிச்சு வெச்சு என்ன பண்ண

நான்: வீட்டுக்குள்ளயே பழுத்துடும்மா. முழு சைஸுக்கு வந்து தோல் பளபளன்னு லேசா வெளுத்த மாதிரி இருக்கில்ல, அதெல்லாம் கண்டிப்பா பழுக்கும். சின்னதா கல்லு மாதிரி இருக்கிறது பழுக்காது, அத தனியா போடுங்க. அட்டைப்பெட்டியில பேப்பர் விரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு படாம அடுக்கி, கூடவே ஒரு பழுத்த வாழைப்பழமோ ஆப்பிளோ வெச்சு மூடிடுங்க, அதுல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், அதுதான் காய பழுக்க வெக்கும். வெயில் வேணும்னு இல்ல, வீட்டுச் சூடு போதும். பிரிட்ஜ்ல மட்டும் வெச்சிடாதீங்க, ருசியே போயிடும்

தம்பி: நான் டார்ச் புடிக்கிறேன் அம்மா வாங்க. பழுக்காத காயெல்லாம் எனக்கு, ஜாம் போடப் போறேன்

சித்தி: அக்கா ஸ்வெட்டர் போட்டுட்டு வெளிய போ, போன வருஷம் மாதிரி நெஞ்சு சளி புடிச்சுக்காத

அம்மா: சரி சரி. அட்டைப்பெட்டி பரண்ல இருக்கு

அம்மா: ஏய் எல்லாரும் இத பாருங்க, பெட்டிய இறக்கும்போது கூடவே ஒரு துணிப்பை வந்துச்சு, உள்ள பாட்டி பின்னிட்டிருந்த குழந்தை ஸ்வெட்டர். பின்பக்கம் முழுசா முடிஞ்சிருக்கு, முன்பக்கம் பாதியில நிக்குது, கை ரெண்டும் இல்ல. ஊசிய உருவிட்டு கண்ணியெல்லாம் ஒரு நூல்ல கோத்து வெச்சிருக்காங்க

அண்ணி: அத்தை இது யாருக்காக பின்னினாங்க

அம்மா: கேட்டேன்மா. உங்க கல்யாணம் முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சாங்களாம். அப்புறம்தான் விரல் வலி வந்து ஊசியே புடிக்க முடியாம போச்சு, யார்கிட்டயும் சொல்லாம பரண்ல போட்டுட்டாங்க

அண்ணி: எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல அத்தை. இன்னும் ஒரு மாசம் தான் இருக்கு டெலிவரிக்கு

சித்தி: அது என்கிட்ட குடுங்க நான் முடிச்சு தரேன். ஆனா ஒண்ணு, எங்கம்மா கை இறுக்கம், என் கை தளர்வு, பாதி அவங்க பாதி நான் பின்னினா அப்பட்டமா தெரியும், அதனால மொத்தத்தையும் பிரிச்சிட்டு அதே நூல்ல புதுசா போட்டுடறேன், நீட்டா இருக்கும்

நான்: சித்தி தயவு செஞ்சு பிரிக்காதீங்க. நீட்டா இல்லாட்டி பரவாயில்ல. பாட்டி இனிமே இன்னொண்ணு பின்னப் போறதில்ல, அவங்க கையால போட்டது அப்படியே அந்த குழந்தை மேல இருக்கணும்

அண்ணன்: நானும் அதான் சொல்றேன் சித்தி

சித்தி: எனக்கும் ஆசைதான்டா. ஆனா அளவு மாறுமே. பின்பக்கத்துல ஸ்கேல் வெச்சு 10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிச் வருதுன்னு எண்ணி சொல்லுங்க

அம்மா: 24. ரெண்டு தடவ எண்ணிட்டேன்

சித்தி: என் கைக்கு இந்த நூல்ல 4 மி.மீ. ஊசில 22 தான் வரும். ரெண்டு ஸ்டிச் தானேன்னு தோணும், ஆனா முன்பக்கம் 58 ஸ்டிச், 24 செ.மீ.ல முடிய வேண்டியது எனக்கு 26 தாண்டிடும், பின்பக்கத்தோட சேர்த்து தைக்கவே முடியாது

நான்: அப்ப ஊசிய மெலிசா எடுங்க சித்தி. 3.5ல ஒரு சின்ன சதுரம் பின்னி, நனைச்சு காய வெச்சு எண்ணிப் பாருங்க, 24 வந்துச்சுன்னா பாட்டி விட்ட இடத்துல இருந்தே போகலாம்

சித்தி: பாக்கறேன். நூல் எவ்ளோ மிச்சம்?

அம்மா: ஒண்ணரை உருண்டை. லேபிள் இருக்கு, எந்த தடவ சாயம் போட்டதுன்னு லாட் நம்பரும் இருக்கு, ஆனா இவ்ளோ நாள் கழிச்சு அதே லாட் எங்க கெடைக்கும்

சித்தி: வேற லாட் வேண்டவே வேண்டாம், அதே கலர்னு போட்டிருக்கும், பக்கத்துல வெச்சா சாயம் ஒரு பொட்டு மாறி திட்டு திட்டா தெரியும். இருக்கிற நூல்ல முன்பக்கம் முடிச்சிடலாம், கைக்கு வேணும்னே வேற கலர் போட்டுடலாம்

அம்மா: பாட்டி பேசறாங்க, சொல்ல சொல்ல அப்படியே டைப் பண்றேன். “நிறுத்தின இடத்துல இருந்து பின்னாத, கண்ணி ரொம்ப நாள் நூல்ல தொங்கி இழுத்துட்டிருக்கும், 2 வரிசை பிரிச்சிட்டு அங்க இருந்து ஆரம்பி. தோள்ல ஒரு பக்கம் தொறந்து பட்டன் வை, குழந்தைக்கு தலை பெருசு, கழுத்து வழியா மாட்டினா அழும். கழுத்துல கயிறு ரிப்பன் எதுவும் கட்டாத. பட்டன நல்லா அழுத்தி தை, வாயில போட்டுக்கும்.”

அண்ணி: பாட்டி, குழந்தைக்கு பெருசா இருக்காதா, இது 6 மாச சைஸ் மாதிரி இருக்கே

அம்மா: “பெருசா இருந்தா கைய மடிச்சு விடலாம், சின்னதா போனா என்ன பண்ணுவ”ங்கறாங்க

வெள்ளி

அம்மா: நல்ல வேளை நேத்தே பறிச்சோம், காலைல பாத்தா செடியெல்லாம் வெந்த கீரை மாதிரி கருத்து தொங்குது. பெட்டி ரெண்டு நெறைஞ்சிருக்கு

நான்: ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தொறந்து பாருங்க, ஒண்ணு அழுகினாலும் உடனே எடுத்துடுங்க. செடிய புடுங்கின இடத்துல பூண்டு ஊனிடுங்கம்மா, பல்லு பல்லா பிரிச்சு கூர் பக்கம் மேல இருக்கிற மாதிரி, குளிர் பட்டாதான் அது நல்லா பல்லு கட்டும்

தம்பி: ஜாம் போட்டேன், தண்ணியா ஓடுது. அக்கா ஹெல்ப்

நான்: எலுமிச்சை சாறு விட்டியா?

தம்பி: இல்ல சக்கர மட்டும்

நான்: அதான்டா. காய்ல பெக்டின்னு ஒண்ணு இருக்கு, அதுதான் கட்டியாக்கும், ஆனா அதுக்கு சக்கர, புளிப்பு ரெண்டும் வேணும். திரும்ப அடுப்புல வெச்சு ஒரு பழம் சாறு விட்டு கொதிக்க விடு, தெர்மாமீட்டர் இருந்தா 105 டிகிரி வரைக்கும். இல்லன்னா ஒரு தட்ட ஃப்ரீசர்ல வெச்சு, அதுல ஒரு சொட்டு விட்டு, ஆறினதும் விரலால தள்ளு, மேல சுருக்கம் விழுந்தா இறக்கிடு. பாட்டில சூடா வெச்சுக்கிட்டு ஜாமும் சூடா இருக்கும்போதே ஊத்து, ஜில்லுனு இருக்கிற கண்ணாடில ஊத்தினா விரிசல் விட்டுடும்

தம்பி: சுருக்கம் விழுந்துடுச்சு!!! மூணு பாட்டில், ஒண்ணு அண்ணிக்கு

ஞாயிறு

சித்தி: 3.5ல சதுரம் பின்னி காய வெச்சு எண்ணிட்டேன், சரியா 24. நேத்தே பை என் கைக்கு வந்துடுச்சு, என்கிட்ட தான் இருக்கு. பூச்சி அரிச்சிருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சு ஒவ்வொரு வரிசையா பாத்தேன், ஒரு ஓட்டை இல்ல. எங்கம்மா சொன்ன மாதிரி 2 வரிசை பிரிக்கும்போது கை நடுங்குச்சு

அண்ணன்: மெதுவா போடுங்க சித்தி அவசரமில்ல

அடுத்த புதன்

அம்மா: முதல் பெட்டில 11 பழம் நல்ல செவப்பு, இன்னைக்கு சூப் வெச்சேன், பாட்டி ரெண்டு கிண்ணம் குடிச்சாங்க

சனி

அம்மா: சித்தி வந்திருக்கா, முன்பக்கம் முடிஞ்சுது. எந்த இடத்துல பாட்டி முடிச்சாங்க எங்க இவ ஆரம்பிச்சான்னு எனக்கு கண்டே புடிக்க முடியல. பாட்டி கண்ணாடி கூட போடல, விரலால தடவிட்டே வந்து ஒரு எடத்துல நிறுத்தி “இங்க இருந்து நீ”ன்னு சொல்லிட்டாங்க

சித்தி: சரியா அந்த வரிசை தான்

அண்ணி: அத்தை பாட்டி கைல ஸ்வெட்டர் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க ப்ளீஸ்

அம்மா: எடுக்க விட மாட்டேங்கறாங்க, மடியில வெச்சு திருப்பி திருப்பி பாத்துட்டிருக்காங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கறேன்

சித்தி: துவைக்கறது பத்தி இப்பவே சொல்லிடறேன், மெஷின்ல போட்டுடாதீங்க, சாதா கம்பளி, சூடு தண்ணில கசக்கினா சுருங்கி பொம்மைக்கு தான் ஆகும். வெதுவெது தண்ணில முக்கி, பிழியாம துண்டுல சுத்தி அமுக்கி, கொடில தொங்க விடாம படுக்க வெச்சு காய வைங்க

அண்ணி: எழுதி வெச்சுக்கறேன் சித்தி

சித்தி: கைக்கு மஞ்சள் நூலா பச்சை நூலா, இன்னைக்கே சொல்லுங்க

அம்மா: பாட்டி மஞ்சள்ங்கறாங்க. கைய 2 செ.மீ. கூட நீளமா வெக்கணுமாம், மடிச்சு விட